நஞ்சராயன் குளமும் 'இயற்கை' என்ற சொல்லும்

கோயமுத்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பூர். அங்கிருந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நண்பரின் வண்டியில் ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம். பக்கத்தில்தான் நஞ்சராயன் குளம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம். பரப்பு சுமார் 125 ஹெக்டேர்.

ரோட்டோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் "சரணாலயத்துக்கு எப்படீங்க போறது?" என்றேன். "கொளத்துக்குத்தானுங்க? இப்படியே போங்க தம்பி. போர்டு வெச்சப்பறந்தான் அந்தப் பேரெல்லாம்" என்றார். நான் யோசிக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

குளம் என்பது வெட்டப்பட்டது. கரை, மதகு, வாய்க்கால், கலிங்கு எல்லாம் உழைப்பின் வடிவங்கள். முன்னொரு காலத்தில் இதைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்ற அரசனின் பெயர்தான் குளத்துக்கு நின்றது என்கிறார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் வழக்கம்போல இல்லை. இன்று 'சரணாலயம்' என்ற சொல் வந்ததும் அரசன் பெயராவது மிஞ்சுகிறது. உழைப்பு இரண்டாம் முறையாகவும் அழிகிறது. வெட்டிய குளம் 'இயற்கை' ஆகிவிடுகிறது. நம் திணை மரபில் மருதம் ஏர் பட்ட நிலம். அங்கே நாரையும் உழவனும் ஒரே காட்சியில் இருக்கிறார்கள். மனிதனைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதே இயற்கை என்ற கருத்து அந்த மரபுக்குள்ளிருந்து வந்ததில்லை.

சட்டத்தின் மொழியைப் பார்த்தால் குழப்பம் இன்னும் வேடிக்கை. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஒப்பந்தம், ஈரநிலம் இயற்கையாக அமைந்ததாகவோ மனிதர் உண்டாக்கியதாகவோ இருக்கலாம் என்கிறது. அறிவார்ந்த பயன்பாடு என்பது அதன் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. ஆனால் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட அமைப்புகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்குகின்றன. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெரும்பகுதி பாசன ஏரி, குளம்தானே! ஆக, ஒரே குளம் ஒரு தாளில் ஈரநிலம், இன்னொரு தாளில் வெறும் கட்டுமானம். பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் என்பதே இங்கு கேள்வி. ஆடு மேய்ப்பவரிடம் அது இல்லை.

இது வெறும் சொல் விவகாரம்தானா? ராஜஸ்தானின் பரத்பூரைப் பார்க்கலாம். 1982இல் அங்கே, கேவலாதேவ் தேசியப் பூங்காவில், எருமை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பின்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு என்ன கண்டது? எருமை மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது, பறவைகளுக்குத்தான் அது கேடாயிற்று என்று. நமக்கு அருகில் வேடந்தாங்கல். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடுவதைத் தடுத்தார்கள். அங்கே காவலும் பயிர்த்தொழிலும் ஒன்றாக இருந்தன.

கரையில் நின்று பார்த்தோம். கூழைக்கடாக்கள் கூட்டமாக. முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம். வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி இங்கே வருமாம். அன்றைக்கு எங்கள் கண்ணில் படவில்லை. நண்பர் பறவையைவிடத் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாயத்தண்ணி பார்த்துப் பழகிய கண். நல்லாற்று வழியே மழைநீரோடு ஊர்க் கழிவுநீரும் இங்கே வருகிறது.

அந்த நல்லாறு சேரும் நொய்யலில், திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டினார்கள். சாயக்கழிவு தேங்கி, 'தண்ணியைத் தொறக்காதீங்க' என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. வழக்குகளின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரே ஆற்று வடிநிலம். ஒரு நீர்நிலை சரணாலயம், மற்றது சாக்கடை. சரணாலய எல்லைக்கல் பறவையைச் சுற்றி நடப்படுகிறது. தண்ணீர் எங்கிருந்து என்னவாக வருகிறது என்பது கல்லுக்கு வெளியே போய்விடுகிறது. மேய்ப்பவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் தடுப்பது சுலபம். ஒரு நகரத்தின் கழிவைத் தடுப்பது அப்படியில்லை.

நண்பர் விடவில்லை. "நீங்க சொல்றது சரிங்க. ஆனா போர்டு வெக்கலைன்னா இந்நேரம் ஓரத்துல பிளாட் போட்டிருப்பாங்களே?" இதற்கு என்னிடம் மறுப்பில்லை. நகரம் நெருங்கி வரும் இடத்தில் 'குளம்' என்ற பெயர் ஒரு குளத்தைக் காப்பாற்றாது என்பது கோயமுத்தூர்க்காரனான எனக்குத் தெரியாததல்ல. சரணாலயம் வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. அதன் மேலாண்மைத் திட்டத்தை எழுதும் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

"அப்ப மாட்டை உள்ள விடச் சொல்றீங்களா?" என்றார் வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

எத்தனை மாடு, எந்த மாசம், எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருப்பார்கள், முதலில் அவர்களைக் கேட்கச் சொல்கிறேன் என்றேன்.