மார்பகப் புற்றுநோய்: முழுதாக அகற்றினால்தான் பிழைக்கலாமா?

மார்பகத்தில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான் என்று வைத்தியர் சொன்ன அடுத்த நிமிடமே எமது பெண்களில் பலர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "அப்பிடியெண்டால் முழுக்க எடுத்துப்போடச் சொல்லுங்கோ." ரொறன்ரோவில் வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நான் இந்த வசனத்தை எத்தனை தடவை ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இந்த முடிவு சில வேளைகளில் சரியானது. பல வேளைகளில் அவசியமற்றது. எது எப்போது என்பதை எங்கள் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

54 வயதுத் தாய் ஒருவரின் அனுபவத்தை, அவருடைய அனுமதியோடும் அடையாளங்களைத் தவிர்த்தும் இங்கே எழுதுகிறேன். மாமோகிராம் பரிசோதனையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவான கட்டி தெரிந்தது. முதல் சந்திப்புக்கு அவருடன் மகன் போயிருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் அரை மணித்தியாலம் விளக்கிய அனைத்தையும் மகன் தாய்க்கு ஒரே வரியில் மொழிபெயர்த்தார்: "சின்னக் கட்டிதான் அம்மா, எடுத்துவிட்டால் சரி." புற்றுநோய் என்ற சொல் அவருடைய வாயில் வரவில்லை. தாயும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியிருந்தது.

இரண்டாவது சந்திப்புக்கு என்னை அழைத்தார்கள். கட்டியையும் அதைச் சுற்றிய சிறிது தசையையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கலாம், அல்லது மார்பகத்தை முழுதாக அகற்றலாம், இரண்டும் உங்களுக்குப் பொருந்தும் என்று நிபுணர் சொன்னார். அந்தத் தாய் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, சின்ன ஒபரேசன் எண்டால் அரசாங்கத்துக்குச் செலவு குறைவு, அதுக்குத்தானே இப்பிடிச் சொல்லினம்?"

நல்ல கேள்வி. அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். நிபுணர் சிரிக்கவில்லை, பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பதிலின் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

வெட்டிய காலம்

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மார்பகம், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசை, கமக்கட்டு நிணநீர்க்கணுக்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அகற்றும் முறையைப் பரப்பினார். எவ்வளவுக்கு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு என்பதே அன்றைய நம்பிக்கை. பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் இதுவே சிகிச்சையாக இருந்தது. கை வீங்கி, தோள் அசையாமல், நெஞ்செலும்பு தெரிய வாழ்ந்த பெண்கள் ஏராளம். ஊரில் எங்கள் பாட்டிமார் காலத்துக் கதைகளில் வருவதும் இந்தச் சத்திரசிகிச்சைதான்.

இதைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் ஒருவர் எங்கள் நகரத்தவரே. ரொறன்ரோ பிரின்சஸ் மார்கரட் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை நிபுணராக இருந்த வீரா பீற்றர்ஸ், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்களும் நன்றாகவே வாழ்கிறார்கள் என்பதை 1967ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் எழுதினார். ஆனால் பழைய கோவைகளைப் பார்த்துச் சொன்னதால் மட்டும் மருத்துவ உலகம் மாறிவிடவில்லை.

அதன்பின் இத்தாலியின் மிலான் நகரில் உம்பேர்ட்டோ வெரொனேசியும், அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷரும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளை நடத்தினார்கள். ஃபிஷரின் ஆய்வில் 1,851 பெண்கள் 20 வருடங்கள் கண்காணிக்கப்பட்டார்கள். 2002இல் இரண்டு ஆய்வுகளின் 20 வருட முடிவுகளும் வெளியாயின. முழு மார்பகத்தையும் இழந்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த அளவில் வித்தியாசம் இருக்கவில்லை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை பெறாதவர்களில் ஏறக்குறைய 39 சதவீதமானோருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்ப வந்தது. கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் அது 14 சதவீதம். எனவே "ஒபரேசன் முடிந்தது, இனிக் கதிர் வேண்டாம்" என்று பாதியில் நிறுத்துவது பெரும்பாலானோருக்கு ஆபத்தான முடிவு. இன்றைய மருந்துகளோடு திரும்ப வரும் வீதம் இதைவிடக் குறைந்துள்ளது. வயது முதிர்ந்த, ஆபத்துக் குறைந்த சிலருக்குக் கதிர் தேவையில்லை என்று நிபுணரே சொல்வதும் உண்டு.

கதிர்ச் சிகிச்சைக்குத் தினமும் போய்வருவது சிரமம் என்பது உண்மை. முன்பு ஐந்து வாரங்கள் போகவேண்டியிருந்தது. சற்று மேலே மூன்று வாரங்களில், 16 தடவைகளில் கொடுத்தாலும் பலன் ஒன்றே என்பதை ஒன்ராறியோவின் ஹமில்டன் நகரைச் சேர்ந்த குழுவினர் காட்டினார்கள். சிலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவைகளில் முடிக்கலாம் என்று 2020இல் பிரித்தானிய ஆய்வொன்று சொன்னது.

முழுதாக அகற்றுவது அவசியமாகும் நிலைகளும் உள்ளன. மார்பகத்தின் வெவ்வேறு பகுதிகளில் பல கட்டிகள் இருந்தால், மார்பகத்தின் அளவோடு பார்க்கும்போது கட்டி பெரிதாக இருந்தால், முன்பே அவ்விடத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றிருந்தால் நிபுணர் அதையே சொல்வார். பரம்பரைக் காரணம் இருப்பவர்களுக்கும் அது பேசப்படும். வேறு எந்தக் காரணமும் இல்லாமல், மனநிம்மதிக்காக அதையே தெரிவு செய்யும் பெண்களும் உண்டு. விளங்கித் தெரிவு செய்தால் அதில் பிழையில்லை. அகற்றிய மார்பகத்தை மீள அமைக்கும் சத்திரசிகிச்சைக்கும் ஒன்ராறியோவில் ஓஹிப் செலவு செய்கிறது. வெளியில் அணியும் செயற்கை மார்பகத்துக்கும் மாகாண அரசின் உதவித் திட்டம் உண்டு. வெட்கத்தில் கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு நோய் அல்ல

"அவவுக்குக் கீமோ குடுத்தவை, இவவுக்குக் குடுக்கேல்லை, ஏன்?" கோயிலிலும் கலியாண வீட்டிலும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காரணம் எளிது. மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே பெயரில் இருக்கும் பல நோய்கள். கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் பயொப்சி அறிக்கையில் மூன்று விடயங்களைப் பார்ப்பார்கள்: ஈஸ்ட்ரஜன் ஏற்பி, புரொஜெஸ்ரரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம். சிகிச்சையின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை இவை.

ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு இந்நோய் பெண் ஓமோனை உண்டு வளரும் வகை. இவர்களுக்குத் தினம் ஒரு குளிசை, குறைந்தது ஐந்து வருடங்கள், சிலருக்குப் பத்து வருடங்கள். மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமொக்சிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல் போன்றவை. உடம்பு சூடாகி வேர்ப்பது, மூட்டு நோ என்று தொந்தரவு கொடுப்பதால் இரண்டு வருடத்தில் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் பலர். நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் சொன்னால் வேறு குளிசைக்கு மாற்றலாம். இந்த வகையினரில் பலருக்குக் கீமோ தேவையில்லை என்பதை, கட்டியின் மரபணுக்களைப் பார்க்கும் சோதனை மூலம் இப்போது அறிய முடிகிறது. 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதை உறுதிப்படுத்தியது.

ஹெர்-2 புரதம் அதிகமாக உள்ள வகை ஒரு காலத்தில் மிக மோசமானதாகக் கருதப்பட்டது. ஹெர்செப்டின் என்ற மருந்து வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. ஆரம்ப நிலையிலேயே இதைக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என 2005இல் முடிவுகள் வந்தன. வழக்கமாக ஒரு வருடம் கொடுப்பார்கள். மூன்றும் இல்லாத வகைக்குக் கீமோவே முக்கிய ஆயுதம். சிலருக்கு இப்போது நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தும் சேர்க்கப்படுகிறது.

இந்த இரண்டு வகையிலும் முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்பே பலருக்குச் சத்திரசிகிச்சை செய்வார்கள். "கட்டியை வைத்துக்கொண்டு ஏன் இழுத்தடிக்கினம்" என்று ஆத்திரப்பட்ட ஒரு கணவரை நான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அது தாமதம் அல்ல. கட்டி மருந்துக்கு எப்படிப் பணிகிறது என்பதைக் கண்ணால் பார்த்து, அடுத்த மருந்தைத் தீர்மானிக்கும் வழி.

கீமோ பெறும் காலத்தில் காய்ச்சலை அலட்சியம் செய்யக்கூடாது. உடல் வெப்பம் ஒரு தடவை 38.3 பாகையைத் தொட்டாலும், 38 பாகை ஒரு மணித்தியாலம் நின்றாலும், நள்ளிரவென்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். வெப்பத்தை அளக்க முன் ரைலனோல் போடக்கூடாது; காய்ச்சலை அது மறைத்துவிடும். விரதம் இருக்க விரும்பினால் முதலில் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். கறியில் போடும் மஞ்சள் பிரச்சினை இல்லை. ஆனால் மாத்திரையாக விற்கப்படும் மஞ்சள் சத்து டமொக்சிஃபென்னின் அளவை இரத்தத்தில் குறைத்ததாக 2019இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. ஊரிலிருந்து யாரோ அனுப்பிய மூலிகைத் தூளையும் வைத்தியரிடம் காட்டிவிட்டே எடுங்கள்.

பிழைக்கும் வாய்ப்பு

கனடாவில் எட்டுப் பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. எல்லா நிலைகளையும் சேர்த்து ஐந்து வருட உயிர்வாழ்வு ஏறக்குறைய 89 சதவீதம். (ஐந்து வருடம்தான் வாழலாம் என்பதல்ல இதன் பொருள். அப்படி நினைத்து மனம் உடைந்த ஒரு அம்மாவைச் சந்தித்திருக்கிறேன். அது ஒப்பிடுவதற்கான அளவுகோல் மட்டுமே.) முதலாம் நிலையில் கண்டுபிடித்தால் அது 100 சதவீதத்தைத் தொடுகிறது. இரண்டாம் நிலையில் ஏறக்குறைய 92, மூன்றாம் நிலையில் 74. எலும்பு, ஈரல் என்று பரவிய நான்காம் நிலையில் 23. நான்காம் நிலையைப் பெரும்பாலும் முழுதாகக் குணப்படுத்த முடியாது. ஆனாலும் மருந்துகளால் வருடக்கணக்கில் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள் முன்னரைவிட இன்று அதிகம்.

இந்த எண்களுக்கு இடையிலுள்ள தூரத்தில்தான் எங்கள் சமூகத்தின் பிரச்சினை இருக்கிறது. ஒன்ராறியோவில் மாமோகிராம் செய்வதில் பின்தங்கியவர்களில் தென்னாசியப் பெண்கள் முக்கிய இடத்தில் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே 40 முதல் 74 வயது வரையான பெண்கள் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகச் செய்துகொள்ளலாம். 40களில் இருப்பவர்களும் வைத்தியரின் கடிதம் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்யும் வசதி 2024 ஒக்டோபரில் வந்தது. இடையில் கட்டி, தோலில் குழி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் கசிதல் ஏதும் கண்டால் அடுத்த மாமோகிராம் வரை காத்திருக்கக் கூடாது. நோவில்லையே என்று ஆறுதல் அடையவும் கூடாது. புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் நோவதில்லை.

இன்னொன்று, எழுதக் கொஞ்சம் தயக்கமான விடயம். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று நோயை மறைக்கிறோம். நோய் வந்த பெண்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் அது இருந்ததில்லை. பரம்பரை மரபணுவால் வருவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு பகுதியினருக்கு, தாய்க்கோ அத்தைக்கோ எந்த வயதில் வந்தது என்ற தகவல் உயிர்காக்கும். அந்த மரபணு தகப்பன் வழியாகவும் வரும். ஆபத்து அதிகம் என்று உறுதியானால் 30 வயதிலிருந்தே வருடாவருடம் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் மாமோகிராமும் செய்ய இங்கே தனித் திட்டம் உண்டு. நாம் மறைத்தால் மகள் அதைக் கேட்கவே தெரியாமல் இருப்பாள்.

அந்த 54 வயதுத் தாய் அன்று முடிவு சொல்லவில்லை. ஒரு வாரம் யோசிக்கலாமா என்று கேட்டார். தாராளமாக, இந்தக் கட்டி ஒரு வாரத்தில் வளர்ந்ததல்ல என்றார் நிபுணர். அடுத்த முறை மகனை வாகனத் தரிப்பிடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, மருமகளுடன் உள்ளே வந்தார். கையில் ஒரு கொப்பி. தமிழில் எழுதிய கேள்விகள்: எனக்கு எந்த வகை? எத்தனையாம் நிலை? கணுக்களில் இருக்கிறதா? சின்ன ஒபரேசனுக்குப் பிறகு எத்தனை நாள் கதிர்? கீமோ வேண்டுமா, வேண்டாம் என்றால் ஏன்? கை வீங்குமா? எப்போது வேலைக்குப் போகலாம்? பிள்ளைகள் சோதிக்க வேண்டுமா?

எட்டுக் கேள்விக்கும் பதிலை மருமகள் எழுதிக்கொண்டார். கடைசியில் அந்த அம்மா ஒன்பதாவதாக ஒன்று கேட்டார். அது கொப்பியில் இல்லை. "டொக்டர், உங்கட அம்மாவுக்கு எண்டால் எதைச் செய்வீங்கள்?"

கட்டியை மட்டும் எடுத்தார்கள். 16 நாட்கள் கதிர்ச் சிகிச்சைக்குப் போனார். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை போடுகிறார். அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறார். போன மாதம் தங்கைக்கு மாமோகிராம் பதிவு செய்த திகதியும் அதில் இருக்கிறது.