அட்டவணைப் பத்திகளின் பெயர் மாற்றம்

புள்ளிவிவர அட்டவணை எதுவாயினும் அது வரிசைகளாலும் பத்திகளாலும் ஆனது. வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஊரையோ ஒரு குடும்பத்தையோ ஒரு நாளையோ குறிக்கும். பத்தி ஒவ்வொன்றும் எண்ணியோ அளந்தோ அறிந்த ஒரு செய்தியைத் தாங்கி நிற்கும். அச்செய்தி இன்னதென்று நமக்கு உரைப்பது பத்தியின் தலைப்பு ஒன்றேயாகும். எண்கள் யாவும் சரியாக இருந்தும் தலைப்புப் பிழைபடின் முடிவும் பிழைபடும். ஆகவே, கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பத்திகளின் பெயரை மாற்றும் முறையையும், அதில் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெயர் மாற்றம் எதற்கு?

நவி மும்பையைச் சேர்ந்த நெருளில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், தம் வட்டாரத்தின் எழுத்தறிவு நிலையை மாணவருக்கு விளக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணை நகரங்களுக்கு வார்டு வாரியாகவும் வெளியிடப்பட்டுள்ளது. அதைத் திறந்ததும் அவர் காண்பவை குறுக்கக் குறியீடுகளே. மூலத்தில் ரோமன் எழுத்திலுள்ள அவற்றை இங்கு ஒலிப்படி எழுதுகிறோம். ‘டாட்_பி’ என்பது மொத்த மக்கள்; ‘பி_06’ என்பது ஆறு வயது முடிய உள்ள குழந்தைகள்; ‘பி_லிட்’ என்பது எழுத்தறிந்தோர்; ‘பி_இல்’ என்பது எழுத்தறியாதோர். முதலிலோ ஈற்றிலோ ‘பி’ வந்தால் அனைவரும், ‘எம்’ வந்தால் ஆண்களும், ‘எஃப்’ வந்தால் பெண்களும் குறிக்கப்படுவர்.

இக்குறியீடுகள் பொறிக்கு எளியவை; மாணவருக்கு அல்ல. மேலும், இரு வேறு ஆண்டுகளின் அட்டவணைகளை இணைக்கும்போது, ஒரே செய்திக்கு இரண்டிலும் ஒரே பெயர் இருத்தல் வேண்டும். இல்லையேல் பொறி அவற்றை வெவ்வேறு பத்திகளாகவே கொள்ளும். இவ்விரு காரணங்களாலேயே பெயர் மாற்றம் தேவைப்படுகிறது.

மூன்று வழிகள்

பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாளப் பெரிதும் பயன்படும் தொகுப்பு ‘பாண்டாஸ்’ என்பதாகும். அதில் பெயர் மாற்ற மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எல்லாத் தலைப்புகளுக்கும் ஈடாகப் புதிய பெயர்ப் பட்டியல் ஒன்றை அப்படியே அளிப்பது. இது விரைவானது, எனினும் ஆபத்தானது. பெயர்களின் எண்ணிக்கை பத்திகளின் எண்ணிக்கைக்கு ஒத்திருக்கிறதா என்பதை மட்டுமே பொறி சரிபார்க்கும். மூன்றாம் பெயரும் நான்காம் பெயரும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் அதைப் பொறி அறியாது.

இரண்டாவது, தலைப்புகளுக்குள் ஓர் எழுத்துத் தொடரைத் தேடி, அது வருமிடமெல்லாம் வேறொன்றை இடுவது. இதன் குறையை மேற்சொன்ன அட்டவணையே காட்டுகிறது. ‘நோ_ஹெச்ஹெச்’ என்னும் பத்தியில் ‘ஹெச்ஹெச்’ என்பது குடும்பங்களைக் குறிக்கும். ‘மெயின்_ஹெச்ஹெச்_பி’ என்னும் பத்தியிலோ அதே எழுத்துகள் வீட்டுத் தொழிலைக் குறிக்கும். ‘ஹெச்ஹெச்’ வருமிடமெல்லாம் ‘குடும்பங்கள்’ என இட்டால், வீட்டுத் தொழில் செய்வோரின் தொகை குடும்பங்களின் தொகையாகத் தோற்றமளிக்கும்.

மூன்றாவதே சிறந்த வழி. ‘பழைய பெயர் இது, புதிய பெயர் இது’ என்று இணையிணையாக ஓர் அகராதி எழுதி, அதை ‘ரீநேம்’ என்னும் கட்டளைக்கு அளிப்பதே அது. பத்திகளின் வரிசை மாறியிருந்தாலும் இம்முறை பிழைபடாது. குறிப்பிடாத பத்திகளின் பெயர் மாறாது.

எனினும் இக்கட்டளையின் இயல்புகள் இரண்டை நினைவிற்கொள்ள வேண்டும். அது மூல அட்டவணையை மாற்றாமல், புதிய அட்டவணை ஒன்றையே விளைவாகத் தரும். அதற்கு ஒரு பெயரிட்டு வைத்தாலன்றி மாற்றம் நிலைக்காது. அன்றியும், அகராதியிலுள்ள பழைய பெயர் அட்டவணையில் இல்லாவிடில் அது வாளாவிருந்துவிடும். தலைப்பின் ஈற்றில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலே போதும். பெயர் பொருந்தாது, மாற்றமும் நிகழாது. பொருந்தாதபோது பிழை என அறிவிக்குமாறு கட்டளையிலேயே குறிப்பிட வசதி உண்டு. அதனைத் தவறாமல் பயன்படுத்துதல் நலம்.

‘ஆர்’ மொழியின் ‘டிப்ளையர்’ தொகுப்பிலும் இதே பெயருடைய கட்டளை உளது. ஆனால் அங்கே புதிய பெயர் முன்னும் பழைய பெயர் பின்னும் வரும். இல்லாத பத்தியைக் குறிப்பிட்டால் அது உடனே பிழை கூறி நின்றுவிடும். இரு மொழிகளையும் கையாள்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

தமிழ்த் தலைப்புகள்

பத்திகளுக்குத் தமிழிலேயே பெயரிடுவதற்குத் தடையொன்றும் இல்லை. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. ‘மொத்தம்’ என்னும் சொல்லின் ஒகரக் குறியை யூனிக்கோடு முறையில் ஒரே குறியெண்ணாகவும் பதியலாம். எகரக் கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஆகையால் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த தமிழ்த் தலைப்புகளை ஒப்பிடுமுன், யூனிக்கோடு வகுத்துள்ள சீராக்க முறையால் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

பெயரும் பொருளும்

இதுகாறும் கூறியவை கருவியைப் பற்றியவை. இனிக் கூறப்போவது அதனினும் முக்கியமானது. பெயரை மாற்றுவதால் எண் மாறுவதில்லை; அந்த எண்ணைக் கொண்டு நாம் செய்யும் கணக்கு மாறிவிடும்.

2011ஆம் ஆண்டு இந்தியாவின் மக்கள்தொகை 121.09 கோடி. அதில் எழுத்தறிந்தோர் 76.36 கோடி, எழுத்தறியாதோர் 44.72 கோடி, ஆறு வயது முடிய உள்ள குழந்தைகள் 16.45 கோடி. எழுத்தறிந்தோரை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் நூற்றுக்கு 63 ஆகிறது. ஆனால் எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டே கணிக்கப்படுவது. குழந்தைகளைக் கழித்தால் எஞ்சுவோர் 104.64 கோடி, அப்பொழுது விகிதம் நூற்றுக்கு 73. ‘டாட்_பி’ என்பதற்கு வெறுமனே ‘மக்கள்’ என்றும், ‘பி_06’ என்பதற்குக் ‘குழந்தைகள்’ என்றும் பெயரிட்டு வைப்பவர், எதை எதிலிருந்து கழிக்க வேண்டும் என்பதை எளிதில் மறந்துவிடுவார். அவ்வாறே ‘பி_இல்’ என்பதற்குக் ‘கல்லாதோர்’ எனப் பெயரிட்டால், இன்னும் பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளும் அதில் அடங்கியிருப்பது மறைந்துபோகும். ஏழு வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர் உண்மையில் 28.27 கோடியே ஆவர். முதியோர் கல்விக்குத் திட்டமிடுவோர்க்கு 44 கோடிக்கும் 28 கோடிக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

பழைய அட்டவணைகளோடு இணைக்கும்போது மற்றோர் இடர் தோன்றும். 1981 முடிய எழுத்தறிவுக்குரிய வயது ஐந்து. 1991 முதல் அது ஏழு. இரண்டுக்கும் ‘எழுத்தறிவு விகிதம்’ என்றே பெயரிட்டால், ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிட்டவராவோம். இடப்பெயர்களிலும் இவ்வாறே. 2011ஆம் ஆண்டின் தாணே மாவட்டம் இன்றைய தாணே அன்று. 2014 ஆகஸ்ட் 1ஆம் நாள் அதிலிருந்து பால்கர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. ஆகவே ஒரே பெயர் இருப்பதால் மட்டும் பொருளும் ஒன்றெனத் துணியலாகாது. ‘எழுத்தறிந்தோர்_7_வயதும்_மேலும்_2011’ என்பது நீண்ட தலைப்பே. எனினும் ஐயத்துக்கு இடமளிக்காதது.

சரிபார்த்தல்

பெயர் மாற்றியபின் மூன்று சோதனைகளைச் செய்தல் வேண்டும். ஆண்களும் பெண்களும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமா? எழுத்தறிந்தோரும் அறியாதோரும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமா? இவ்விரண்டாலும் பல பிழைகள் வெளிப்படும். ஆனால் ஆண், பெண் தலைப்புகள் தம்முள் இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை மாறாது. ஆதலின் பிழை தெரியாது. அதற்காகவே மூன்றாவது சோதனை: தெரிந்த ஓர் ஊரின் வரிசையை எடுத்து, வெளியிடப்பட்ட மூல அட்டவணையோடு பத்தி பத்தியாக ஒத்துப் பார்த்தல்.

மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பெயர், புதிய பெயர், அதன் முழுப் பொருள் ஆகிய மூன்றையும் கொண்ட சிறு பட்டியலை நிரலோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும். அடுத்த கணக்கெடுப்புக்குரிய நாள் 2027 மார்ச் 1 என 2025 ஜூன் மாதத்தில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று எண்ணுவோருள் ஆசிரியர் பலர். அவர்கள் திரட்டித் தரும் எண்கள் 2011ஆம் ஆண்டின் எண்களோடு ஒப்பிடப்படும் வேளையில், இப்பட்டியல் கைவசம் உள்ளவர்க்கே அவ்வொப்பீடு ஐயமின்றி அமையும்.