புகாருக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவே

பைக்கில் ஆதிக்கச் சாதித் தெருவைக் கடந்ததற்காக ஒரு தலித் இளைஞரை அடிக்கிறார்கள். அடிபட்டவர் ஒருவர், மிரட்டப்பட்டது அவருடைய தெரு முழுவதும். சாதி வன்மத்தில் நடக்கும் குற்றத்தைச் சாதாரண அடிதடியிலிருந்து பிரிப்பது இதுதான். காவல் நிலையக் காகிதத்தில் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

புகார் கொடுக்கப் போனால், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் தருகிறார்கள். "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் வழக்கு கெடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள்: "நாளைக்கும் அவங்க காட்டுக்குத்தானே வேலைக்குப் போகணும்? சமாதானமாப் போங்கப்பா." அதற்குள் எதிர்த்தரப்பு கவுன்ட்டர் கேஸ் கொடுத்துவிடுகிறது. கடைசியில் பதிவாகும் எஃப்.ஐ.ஆரில் மிஞ்சுவது முன்விரோதம் மட்டுமே.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த இழுத்தடிப்பை ஏற்கவில்லை. எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 2018-ல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு. வாய்மொழிப் புகாரையும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகல் தர வேண்டும். இந்தக் கடமையில் வேண்டுமென்றே தவறும், எஸ்.சி., எஸ்.டி. அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

பொய் வழக்கு போடுகிறார்கள் என்ற குறையும் ஒலிக்கிறது. பொய்யா மெய்யா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதற்கு வழக்கு அங்கே போய்ச் சேர வேண்டுமே!

ஆகவே, பாதிக்கப்பட்டவர்கள் முதல் நாளிலேயே முழுதாகச் சொல்லிவிட வேண்டும். ஜி.எச்.சில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதும்போது பயந்துபோய் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த இடம், என்ன சொல்லித் திட்டினார்கள், யார் யார் பார்த்தார்கள் என எல்லாவற்றையும் புகாரில் எழுதுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியது பொதுப் பார்வையில் நடந்தது என்று காட்டாவிட்டால், அப்படித் திட்டியதற்கான பிரிவு நிற்காது. புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். 14566 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது.

1968-ல் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீயில் மாண்டபோது இந்தச் சட்டம் இல்லை. கூலித் தகராறு என்று சொல்லிக் கடந்துபோக முடிந்தது. 1989-ல் சட்டம் வந்த பிறகும் அப்படிக் கடந்துபோவதற்கு நாம் இடம் கொடுக்கலாமா?

ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு வழக்கின் புகார் தேதியையும் எஃப்.ஐ.ஆர். தேதியையும் அருகருகே வைக்க வேண்டும். இடையில் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் பொறுப்பான அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.