பெயர் இல்லாத அரசியின் பொற்காசு

இசுலாமிய அரசுகளில் ஆட்சியுரிமைக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: ஒன்று, வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் குறிப்பிடப்படுவது, மற்றொன்று நாணயம். 1250-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 648) கெய்ரோவில் இவ்விரண்டும் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தன. அவர் ஷஜருத்துர்; ‘முத்து மரம்’ என்பது இப்பெயரின் பொருள்.

1171-இல் எகிப்தில் சலாஹுத்தீன் தொடங்கிய அய்யூபிய மரபின் சுல்தான் சாலிஹிடம் அடிமையாக வந்து மனைவியானவர் இவர். 1249-இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி படையெடுத்திருந்த வேளையில் சுல்தான் இறந்தார். அச்செய்தியை மறைத்தே இவர் போரை நடத்தினார், லூயி சிறைப்பட்டார். பின்னர்ச் சுல்தானின் மகன் தூரான்ஷாவைக் கொன்ற மம்லூக் படைத்தலைவர்கள் இவரை அரியணை ஏற்றினர்.

இவருடைய தீனார்களில் எஞ்சியவை மிகச் சில. ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கால எகிப்தியத் தீனாரில் உருவம் இராது, எழுத்தே எல்லாம். ஆனால் அவ்வெழுத்துகளில் ‘ஷஜருத்துர்’ என்னும் பெயரைத் தேடினால் கிடைக்காது! கலீபா முஸ்தஃஸிமைச் சார்ந்தவர், சாலிஹைச் சார்ந்தவர், முஸ்லிம்களின் அரசி, மன்னர் மன்சூர் கலீலின் தாய் என்றே அவை கூறுகின்றன. அந்தக் கலீலோ குழந்தைப் பருவத்திலேயே மாண்டவன். போரை நடத்தி நாட்டைக் காத்தவருக்கு, இறந்த கணவரும் இறந்த மகனுமே சான்று சொல்ல வேண்டியிருந்தது.

இத்தனை பணிந்து எழுதியும் பாக்தாத் கலீபா பெண்ணாட்சியை ஏற்கவில்லை. ஏறத்தாழ 80 நாட்களில் இவர் தளபதி அய்பக்கை மணந்து அரியணையை அவருக்கு விட்டார். 1257-இல் அய்பக் கொலையுண்டார்; சில நாட்களில் இவரும் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே கலீபாவை மங்கோலியர் கொன்றனர். மம்லூக்குகள் மட்டும் 1517 வரை எகிப்தை ஆண்டனர்.