உறங்கும் வீரரும் ஏரி மணமகளும் (வேல்ஸ் நாட்டுப்புறக் கதைகள்)

உறங்கும் வீரர் கதையும் தேவதை மணமகள் கதையும் வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் வழங்கிவரும் இருவகை நாட்டுப்புறக் கதைகள் ஆகும். இவை ஒரு குறிப்பிட்ட ஏரி, குகை அல்லது பாறையோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. உண்மையில் வாழ்ந்தவர்களின் பெயர்களும் இவற்றில் கலந்திருப்பதால், எது கதை, எது வரலாறு எனப் பிரித்தறிவது அவசியம்.

ஏரி மணமகள்

கார்மார்தன்சயர் பகுதியில், கருமலையின் அடிவாரத்தில் லின் அ வான் வாக் என்னும் சிறிய ஏரி உள்ளது. அங்கே மாடு மேய்த்த ஒரு கைம்பெண்ணின் மகன், நீரின் மேல் ஒரு பெண்ணைக் கண்டு தன் ரொட்டியைக் கொடுத்தான். மிகவும் வெந்த ரொட்டியையும் வேகாத மாவையும் மறுத்த அவள், மூன்றாம் முறை அரைவேக்காட்டு ரொட்டியை ஏற்றாள். காரணமின்றி மூன்று முறை அடித்தால் பிரிந்துவிடுவேன் என்ற நிபந்தனையுடன் அவனை மணந்தாள். ஒரே மூச்சில் அவள் எண்ணக்கூடிய அளவு கால்நடைகள் சீதனமாகக் கிடைத்தன. அவள் ஐந்து ஐந்தாக எண்ணினாள்.

மூன்று பிள்ளைகள் பிறந்தனர். ஞானஸ்நான விழாவுக்குப் புறப்படத் தயங்கியபோது கணவன் அவளைக் கையுறையால் தட்டினான். திருமண வீட்டில் அவள் அழுதபோதும், சாவு வீட்டில் சிரித்தபோதும் மீண்டும் தொட்டுத் தட்டினான். மணமக்களுக்குத் துன்பம் தொடங்குகிறது என்பதால் அழுதாள். இறந்தவருக்குத் துன்பம் முடிந்தது என்பதால் சிரித்தாள். நிபந்தனை முறிந்ததால், கால்நடைகளை அழைத்துக்கொண்டு அவள் ஏரிக்குள் மறைந்தாள்.

மத்வை மருத்துவர்கள்

பின்னர் அவள் மூத்த மகன் ரிவாலனுக்குத் தோன்றி மூலிகைகளைக் கற்பித்தாள் என்று கதை முடிகிறது. ரிவாலனும் அவர் மகன்களும் 13ஆம் நூற்றாண்டில் ரீஸ் கிரிக் என்ற சிற்றரசரின் மருத்துவர்களாக இருந்தவர்கள். அவர்கள் பெயரில் வழங்கும் மருத்துவக் குறிப்புகள் எர்கெஸ்ட் சிவப்பு நூல் என்னும் பழைய கையெழுத்துப் படியில் உள்ளன. அவை 1861இல் இக்கதையுடன் அச்சாயின. மருத்துவக் குடும்பம் வரலாறு. அதன் அறிவுக்குச் சொல்லப்படும் பிறப்பிடம் கதை.

உறங்கும் வீரர்

லண்டன் பாலத்தில் நின்ற வேல்ஸ்காரர் ஒருவரிடம், "உன் கைத்தடி வெட்டிய இடத்தில் புதையல் இருக்கிறது" என்றார் ஓர் அந்நியர். இருவரும் கிரைக் அ தீனாஸ் என்ற பாறைக்குச் சென்று தோண்ட, ஒரு குகை தெரிந்தது. உள்ளே ஆயுதங்களுடன் வீரர்கள் உறங்கினர். நுழைவழியில் ஒரு மணி தொங்கியது. மணி ஒலித்து வீரர்கள் "விடிந்துவிட்டதா?" என்று கேட்டால், "இல்லை, தூங்குங்கள்" என்று சொல்ல வேண்டும். இருமுறை சரியாகச் சொன்னவர், மூன்றாம் முறை மறந்துபோய் அடிபட்டு வெறுங்கையுடன் திரும்பினார். பிறகு அக்குகை அவருக்கு அகப்படவே இல்லை.

இங்கே உறங்குபவர் ஆர்தர் மன்னர் என்பது ஒரு வழக்கு. ஓவைன் லாவ்கோக், அதாவது "செங்கை ஓவைன்", என்பது மற்றொன்று. வேல்ஸின் கடைசிச் சுதந்திர அரசர் லவெலின் 1282இல் கொல்லப்பட்டார். அவருடைய தம்பியின் பேரனே ஓவைன். பிரெஞ்சுப் படையில் போரிட்ட இவர், வேல்ஸ் ஆட்சியுரிமையைக் கோரினார். 1378இல் பிரான்சில் ஜான் லாம்ப் என்பவரால் கொல்லப்பட்டார். அதற்காகக் கொலையாளிக்கு 20 பவுன் கொடுத்ததை ஆங்கில அரசின் கணக்கேடு பதிவுசெய்துள்ளது.

கதைகளின் பொருள்

ஓவைன் கொலையுண்டார் என்கிறது கணக்கேடு. உறங்குகிறார் என்கிறது மக்கள் வாய்மொழி. நாட்டை இழந்தவர்கள் தோல்வியை முடிவாக ஏற்காமல், அதை "இன்னும் விடியவில்லை" என்று மாற்றிச் சொல்லிக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். ஏரிக் கதையிலும் இழப்பே மையம்; ஆனால் போனவள் மருத்துவ அறிவை விட்டுச் செல்கிறாள்.

இந்திய மரபிலும் இவற்றுக்கு இணைகள் உண்டு. நிபந்தனை மீறப்பட்டதும் ஊர்வசி புரூரவனைப் பிரிகிறாள். பாகவதத்தில் முசுகுந்தன் குகையில் நெடுங்காலம் உறங்குகிறான். இவ்வொற்றுமையைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று முடிவுகட்ட இயலாது. ஊர்தோறும் கதை எந்த மனிதரோடு, எந்த இழப்போடு இணைக்கப்பட்டது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.