தவிட்டு மெழுகும் தகுந்த கரைப்பானும்

தாமரை இலையில் விழும் நீர்த்துளி ஒட்டாமல் உருண்டோடுகிறது. இலையின் மேற்பரப்பில் நுண்ணிய புடைப்புகளாகப் படிந்திருக்கும் மெழுகே அதற்குக் காரணம். நீரிழப்பைத் தடுக்கவும், பூஞ்சைகளிடமிருந்து காத்துக்கொள்ளவும் தாவரங்கள் இம்மெழுகை உருவாக்குகின்றன. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் கார்னாபா என்னும் பனையின் ஓலையிலிருந்தும், மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் காண்டெலில்லா என்னும் செடியிலிருந்தும் மெழுகு எடுக்கப்படுகிறது. நெல் விளையும் நாடுகளில் அத்தகைய மெழுகு தவிட்டில் கிடைக்கிறது.

தவிட்டிலிருந்து பிரித்த எண்ணெயைக் குளிர்விக்கும்போது, அதில் கரைந்திருந்த மெழுகு நுண்படிகங்களாகத் திரண்டு கசடாகப் படிகிறது. வடிகட்டி எடுத்த இக்கசடு பழுப்பு நிறமுடையது, பிசுபிசுப்பானது. எண்ணெய், கோந்துப் பொருள்கள், நிறமிகள் ஆகியன அதில் கலந்திருக்கின்றன. அவற்றை நீக்கிய பின்னரே கடினமான, பளபளப்பான மெழுகு கிடைக்கும். இந்நீக்கத்திற்குத் துணைபுரிவது கரைப்பான்.

தவிட்டு மெழுகு, நீண்ட கார்பன் சங்கிலியுடைய கொழுப்பு அமிலங்களும் நீண்ட சங்கிலி ஆல்கஹால்களும் இணைந்து உருவான எஸ்டர்களின் கலவையாகும். அதன் உருகுநிலை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ். எண்ணெயும் எஸ்டரே, எனினும் அது கிளிசராலுடன் இணைந்தது, அறை வெப்பநிலையில் நீர்மமாக இருப்பது. இரண்டும் நீரில் கரையா. ஆகவே, இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் கரைப்பானே தேவை. ஒத்த தன்மையுடையவை ஒன்றில் ஒன்று கரையும் என்பது பொது விதி. அவ்விதியோடு வெப்பநிலையையும் சேர்த்துக் கருதினால்தான் விடை கிடைக்கும்.

முனைவற்ற கரைப்பானாகிய ஹெக்சேன், சூடான நிலையில் எண்ணெய், மெழுகு இரண்டையும் கரைத்துவிடும். கரைசலைக் குளிர்வித்தால் மெழுகு படிகமாகப் பிரியும். எண்ணெய் கரைப்பானிலேயே தங்கும். விரைந்து குளிர்வித்தால் சிறு படிகங்கள் தோன்றி, அவற்றினிடையே எண்ணெய் சிக்கிக்கொள்ளும். மெதுவாகக் குளிர்வித்தால் படிகங்கள் பெரிதாக வளர்வதால் வடிகட்டுதலும் கழுவுதலும் எளிதாகும். அசிட்டோன், அறை வெப்பநிலையில் எண்ணெயைக் கரைத்து மெழுகை விட்டுவிடும். ஆனால், கோந்துப் பொருள்களாகிய பாஸ்போலிப்பிடுகள் அதில் கரையாமல் மெழுகோடு நின்றுவிடும். எனவே, கோந்தை முன்னரே நீக்குதல் வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இப்பணிக்குப் பயன்படுகிறது. சூடாக்கியபின் குளிர்வித்தால், எண்ணெய் அதில் கரைந்து நிற்க, மெழுகு திடப்பொருளாகப் பிரிகிறது.

கரைத்தலோடு வேலை முடிவதில்லை. பயன்படுத்திய கரைப்பானை ஆவியாக்கி, மீண்டும் குளிர்வித்துச் சேகரிக்க வேண்டும். அசிட்டோன் 56 டிகிரியிலும், ஹெக்சேன் 69 டிகிரியிலும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 82 டிகிரியிலும் கொதிக்கின்றன. கொதிநிலை குறைவாயின் மெழுகிலிருந்து கரைப்பானை வெளியேற்றுவது எளிது. ஆனால், காற்றில் ஆவியாகி வீணாவதும் எளிது. மூன்றும் தீப்பற்றக்கூடியவை. அவற்றின் ஆவி காற்றினும் கனமானதாகையால் தரையோடு படர்ந்து, தொலைவிலுள்ள சிறு பொறியையும் எட்டிவிடும்.

இவற்றினும் முதன்மையானது மனித உடல்நலம். ஒருகாலத்தில் சிறந்த கரைப்பானாகக் கருதப்பட்ட பென்சீன், இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என அறியப்பட்டபின் பல தொழில்களிலிருந்து விலக்கப்பட்டது. ஹெக்சேன் ஆவியை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளரின் நரம்புகள் பாதிக்கப்பட்டு, கைகால்கள் மரத்துப்போகவும் தளரவும் கூடும். மேலும், தூய்மையான தாவர மெழுகு பழங்களின் மேற்பூச்சாகவும், மாத்திரைகளின் மெருகாகவும், உதட்டுச் சாயத்தின் உட்பொருளாகவும் பயன்படுகிறது. அதில் எஞ்சும் கரைப்பான், பயன்படுத்துவோரின் உடலையும் சென்றடையும்.

எனவே, மிகுதியாகக் கரைப்பது எது என்னும் வினா மட்டும் போதாது. எதைக் கரைக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், முழுமையாக மீட்க இயலுமா, அருகில் நின்று உழைப்பவருக்குத் தீங்கு உண்டா என்னும் வினாக்களுக்கும் விடை காண வேண்டும். இவை அனைத்திற்கும் ஏற்ற விடை தருவதே தகுந்த கரைப்பான்.