சத்திரத்திற்கு வந்தவரை அறிவோமா?

நல்ல சமாரியர் உவமையில், கள்வர் கையில் அகப்பட்டவரைச் சத்திரத்தில் சேர்த்தவர் இரக்கமுள்ள ஒருவர். ஆனால், அடித்தவரே அடிபட்டவரைச் சத்திரத்திற்கு அழைத்து வந்தால்? மனித வணிகத்திற்குப் பலியானவர்கள் பல வேளைகளில் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கு அப்படித்தான் வருகிறார்கள். செங்கல் சூளையிலோ, வீட்டு வேலையிலோ, பாலியல் தொழிலிலோ அடைபட்டவர் வெளியாரைச் சந்திக்கும் அரிய இடங்களுள் மருத்துவமனையும் ஒன்று. அந்தச் சில நிமிடங்களை நாம் தவறவிட்டால், அவர் வந்த இடத்திற்கே திரும்பிச் செல்வார்.

நம் பங்குகளில் செவிலியர்கள் பலர் இருக்கின்றனர். நோயாளிகளைச் சந்திக்கச் செல்வோரும் உண்டு. நாம் எவற்றைக் கவனிக்கலாம்? கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் உடன் வந்தவரே பதில் சொல்வது, அடையாள அட்டை அவரிடமே இருப்பது, தங்கியிருக்கும் முகவரி நோயாளிக்கே தெரியாதிருப்பது, சொல்லும் காரணத்திற்குக் காயம் பொருந்தாதது, ஆறியதும் ஆறாததுமான பல காயங்கள், நோய் முற்றிய பின்னரே சிகிச்சைக்கு வருவது. இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பல சேர்ந்து வரும்போது விழிப்பாயிருக்க வேண்டும்.

உடன் வந்தவரிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது. அதன் விலையைப் பின்னர் நோயாளியே கொடுக்க நேரிடும். எக்ஸ்ரே அல்லது பரிசோதனைக்கென்று அழைத்து, தனிமையில் பேசுவதே நல்லது. மொழி தெரியாதவரெனில், உடன் வந்தவரை மொழிபெயர்க்க விடாமல் வேறொருவரை நாட வேண்டும். குறுக்கு விசாரணை வேண்டாம். "அங்கே பாதுகாப்பாக இருக்கிறீர்களா? விரும்பினால் வேலையை விட்டுப் போக முடியுமா?" என்று கேட்டாலே போதும். நிறைவேற்ற முடியாத வாக்குறுதிகளையும் தரக் கூடாது.

வயது வந்தவரெனில் அவரது சம்மதத்தோடு 112 அல்லது பெண்களுக்கான 181 எண்ணை அழைக்கலாம். அவர் மறுத்தால், சிகிச்சையை அன்போடு முடித்து, மீண்டும் வர வழியைத் திறந்து வைப்போம். சிறுவர்களுக்கு 1098 உள்ளது. 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம்.

சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்ட புனித ஜோசபின் பக்கித்தா, அந்த அதிர்ச்சியில் தம் சொந்தப் பெயரையே மறந்துபோனார். அவரது விழாவான பிப்ரவரி 8ஆம் தேதி, மனித வணிகத்திற்கு எதிரான செப நாளாக 2015ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று செபிப்போம். மற்ற நாள்களில், நம் முன் வருபவரிடம், "உங்கள் பெயர் என்னம்மா?" என்று அவரையே பார்த்துக் கேட்போம்.